பஞ்சுக்குப் பதினோரு பேரு

அந்தச் சேர்ல வேண்டாம் அம்மிணி, அது எங்க ஊட்டுக்காரரு உக்கார்றது. இதுல உக்காரு. ஃபேனுக்கு நேரா நகராத, மேசை மேல இருக்கற காயிதமெல்லாம் பறக்கும். ம், அப்படி.

லெட்டரு எங்கியும் ஓடிப் போயிராது. இந்தா, இந்தக் கவருக்குள்ளதான் இருக்குது. அவரு கையெழுத்து, கம்பெனி சீலு, எல்லாம் ஆச்சு. திங்கக்கெழமை கோயமுத்தூர்க் கம்பெனியில சேரோணும், ரிலீவிங் லெட்டர் இல்லாட்டி உள்ளயே உட மாட்டாங்கன்னு போன்ல நீ அழுதது எனக்கு மறக்கல. இன்னிக்கு சனிக்கெழமை, மணி பதினொண்ணுகூட ஆகல. மடத்துக்குளத்துக்கு பஸ்ஸா இல்ல? சித்த நேரம் நாயம் பேசிட்டுப் போனா கொறைஞ்சா போயிருவே.

அவரு பல்லடம் போயிருக்கறாரு. அவருக்கு உன் மொகத்துல முழிக்க இஷ்டமில்லையாமா. ஆபீஸுக்கு வந்தா டெய்லருங்க எல்லாம் மிஷினை நிறுத்திப்போட்டு வேடிக்கை பாப்பாங்க, ஜெர்மன் பையர்கிட்ட இருந்து கன்டெய்னரையே திருப்பி வரவெச்ச, ஆர்டரு பாத்துக்கற மெர்ச்சண்டைசரு இவதான்னு. அந்த அசிங்கம் உனக்கு எதுக்கு? அதனாலதான் ஊட்டுக்கு வரச் சொன்னேன். எனக்கும் ஒரு மனசு இருக்குதில்ல.

காப்பி வேண்டாமா? தண்ணியே போதுமா? சீனியம்மா, ஒரு டம்ளர் தண்ணி கொண்டா. கண்ணாடி டம்ளர்ல வேண்டாம், எவர்சில்வர்ல கொண்டா.

இதையெல்லாம் எதுக்கு அப்படிப் பாக்கறே? ஆமா, லேபிள் ஆர்ட்வொர்க்குதான். அடுத்த சீசனுது. நீ போனதுக்கப்பறம் மறுபடியும் ஊட்டுக்கே வருது. சோறு திங்கற மேசையில பாதி எனக்கு, பாதி லேபிளுக்கு. பழையபடி.

அதை உடு. இந்தச் சட்டைய எடு. கடிக்காது, எடு. தெரியுதா? திரும்பி வந்த கன்டெய்னர்ல ஒண்ணு. ஆறு மாசக் கொழந்தைக்கு. வாத்துப் படம் போட்டு என்னா அழகா இருக்குது பாரு. இடுப்புக்கிட்ட உள்பக்கம் லேபிளைத் திருப்பு. திருப்புனயா? படி. வாய் உட்டுப் படி. ஆறு மாசம் பிரெஞ்சு படிச்சு சர்டிபிகேட்டு வாங்குனவளாச்சே நீ.

காட்டன்னு முடிக்காத கண்ணு, அது இங்கிலீஷு. அதுக்கு அடுத்தது, கோத்தோன். மூக்குல போயி முடியோணும். நாலு நாளு சளி புடிச்சவளாட்டச் சொல்லோணும்னு எங்க கான்வென்ட் சிஸ்டர் சொல்லுவாங்க. ம், பரவால்ல. மேல போ. பதினோரு பாஷை இருக்குது. பதினொண்ணுலயும் ஒரே பொய். நூத்துக்கு நூறு பஞ்சு, நூத்துக்கு நூறு பஞ்சு. துணியில இருக்கறது அறுவது பஞ்சு, நாப்பது பாலியஸ்டரு. ஜெர்மன்காரன் லேப்ல குடுத்துக் கண்டுபுடிச்சுட்டான். நம்மூர்ல ஒரு நூலை உருவிப் பத்த வெச்சு மோந்து பாத்தா போச்சு, அதுக்கு அவனுக்கு ஒரு லேபு.

ஸ்பெயினுது படிச்சயா? அல்கோதோன். போர்ச்சுகல்காரன் அதையே கொஞ்சம் இழுத்து அல்கொதாவ்ங்கறான். இது எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? தெரியாது. கம்ப்யூட்டர்ல தட்டுனா வார்த்தை வரும், அது பொறந்த கதை தேடறவளுக்குத்தான் வரும். அரபிக்காரன் பஞ்சை குத்ன்னு சொன்னான். அவங்க பேச்சுல பேருக்கு முன்னால அல்-னு ஒண்ணு ஒட்டிட்டு வரும். வார்த்தை ஸ்பெயினுக்குப் போனப்ப, அவன் ரண்டையும் சேத்து முழுங்கீட்டான். கட்டிக் குடுத்த புள்ளையோட தொணைக்குப் போனவளும் அங்கயே தங்கீட்ட மாதிரி. இத்தாலிக்காரன் வெவரமானவன். தொணைக்கு வந்தவளை வாசல்லயே தாட்டி உட்டுட்டுப் புள்ளைய மட்டும் உள்ள கூப்புட்டான், கொத்தோனெ. அங்கிருந்து பிரெஞ்சுக்காரன், அவங்கிட்ட இருந்து இங்கிலீஷுக்காரன். டச்சுக்காரன் கத்தூன்ங்கறான். எந்த ஊட்டுக்குப் போச்சோ அந்த ஊட்டு ஆளுக வாய்க்குத் தக்கன வளைஞ்சுக்கிச்சு. அதனாலதான் ஆயிரம் வருசமா பொழைச்சுக் கெடக்குது. வளையாதது பொழைக்காது கண்ணு.

அந்தப் பின்லாந்துக்காரனுதப் படி. பூவில்லா. ஆமா, அப்படித்தான் சொல்லோணும். பூவில்லா. எனக்கு அதைப் பாத்தாலே உங்கம்மா ஞாபகம் வரும். ஒருக்கா கம்பெனிக்கு வந்திருந்தாங்களே, நெத்தியும் தலையும் வெறுமையா, கையில ஒரு மஞ்சப் பையோட. உங்கப்பா போயி எத்தனை வருசமாச்சு? பத்தா. பாவம். ஏன் மொகம் சுண்டுது? நான் என்ன இல்லாததையா சொல்லீட்டேன். அவங்க பாஷையில அது மரத்துக் கம்பளின்னு அர்த்தம், பூவுமில்ல பொட்டுமில்ல. தண்ணி குடி.

அந்த மரத்துக் கம்பளி கதைய நீ கேக்கோணும். ஜெர்மன்காரன் பவும்வொல்லெங்கறான் பாரு, அதுவும் அதேதான். பவும்னா மரம், வொல்லென்னா ஆட்டுக் கம்பளி. அவன் குளிரு தேசத்துல கெடந்தவன், ஆட்டைத் தவிர எதையும் கண்டதில்ல. ஒரு கிரேக்கன் ரண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முந்தியே எழுதி வெச்சானாமா, இந்தியாவுல காட்டு மரத்துல கம்பளி காய்க்குது, ஆட்டு மயிரை விட அழகா இருக்குதுன்னு. அப்பறம் வந்தவன் அதுக்குக் கை காலு வெச்சான். செடி நுனியில ஆட்டுக்குட்டியே காய்க்குது, தண்டு வளைஞ்சு குடுத்து அது குனிஞ்சு புல்லு மேயுதுன்னு படம் போட்டே வெச்சானுங்க. சிரிக்கறயே, சிரி. இந்த ஊட்டுக்குள்ள வந்ததுல இருந்து இப்பத்தான் சிரிக்கறே.

ஆனா இதுல சிரிக்க என்ன இருக்குது? ஒருத்தனும் நேர்ல வந்து பாக்கல. பாக்காமயே பேரு வெச்சுட்டான். அவனைப் பாத்து ஸ்வீடன்காரன் வெச்சான், போலந்துக்காரன் வெச்சான். பஞ்சுக்கு மட்டும் வாயிருந்தா, அய்யா சாமி, நான் ஆடுமில்ல, மரமுமில்ல, கரிசக்காட்டுச் செடிங்கன்னு கத்தியிருக்கும். அப்பறம் கப்பல் உட்டான், பஞ்சை மூட்டை மூட்டையா அள்ளீட்டுப் போனான், மில்லு வெச்சான், செடியையும் கண்ணுல பாத்தான். பேரை மாத்துனானா? மாத்தல. தப்புன்னு தெரிஞ்சும் மாத்தல. மொதல்ல எவன் என்ன சொன்னானோ அதுதான் நெலைக்கும். உனக்கு இது நல்லாப் புரியுமே. ஒரு மாசமா உன்னைய ஊருக்குள்ள என்ன சொல்றாங்க?

இந்த வார்த்தைக் கதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமுன்னா கேக்கறே. நல்ல கேள்வி. ரண்டு வருசம் கம்பெனியில இருந்தே, அப்ப கேக்கல.

கான்வென்ட்ல எங்களுக்கு ஒரு பெல்ஜியத்துக் கெழவி, சிஸ்டர் பெலிசித்தா. ஸ்கேல்லயே விரல் முட்டியில அடிப்பா. ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா ஒரு அடி, அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலீன்னா ரண்டு அடி. நான் அடியே வாங்குனதில்ல. ப்ரைஸா டிக்‌ஷனரி குடுத்தா, இந்தா செங்கல்லாட்டம் இருக்குதே, இதுதான். காலேஜுல ரண்டாம் வருசம் படிக்கறப்ப எங்கப்பன் கொண்டாந்து இந்த ஊட்டுல தாட்டி உட்டுட்டாரு. மாப்பளைக்கு நாலு தறி இருக்குது, மூணு ஏக்கரா தோட்டமிருக்குதுன்னு. மாப்பளைக்கு இங்கிலீஷ்ல லெட்டர் படிக்கத் தெரியுமான்னு யாரும் கேக்கல.

பனியன் கம்பெனி ஆரம்பிச்சப்ப மொத ஆர்டரு பெல்ஜியத்துல இருந்துதான். லேபிளைப் பாத்து இவரு முழிக்கறாரு. நான் வாங்கிப் படிச்சேன். அன்னிக்கு ஆரம்பிச்சது. இருவத்திரண்டு வருசம். ஆர்ட்வொர்க்கு ஊட்டுக்கு வரும், சோத்துக்கு ஒலை வெச்சுட்டு ஒவ்வொரு வரியாப் பாப்பேன், ஓகேன்னு எழுதுவேன், அருள்புரத்துல மருதாசலம் பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் போன் பண்ணுவேன், ஓட்டுங்கன்னு. அவரு ஓட்டுவாரு. ஒரு லேபிளு, ஒண்ணே ஒண்ணு, தப்பாப் போனதில்ல. தெரியாத வார்த்தைய நோட்டுல எழுதி வெச்சுத் தேடுவேன். பஞ்சுக்குப் பதினோரு பேரு, துவைக்கறதுக்குப் பதினோரு பேரு, நெழல்ல காயப்போடறதுக்குப் பதினோரு பேரு. இவரு வருசா வருசம் ஜெர்மனிக்குக் கண்காட்சிக்குப் போவாரு. எனக்குச் சாக்லேட்டு வரும். ஏர்போர்ட்ல வாங்குனது.

அந்த நோட்டு ஞாபகமிருக்குதா? நீ சேந்த மாசம், கம்ப்யூட்டர்ல ஏத்தோணும்னு கேட்டு ஆள் உட்டே. குடுத்தேன். இருவத்திரண்டு வருசத்தை ரண்டு நாள்ல ஏத்தீட்டுத் திருப்பிக் குடுத்தனுப்பீட்டே. மேல ஒரு மஞ்சச் சீட்டு ஒட்டி, தேங்க்யூன்னு எழுதி. கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு.

அப்பறம் ஆயுத பூசை. உனக்கு மறந்திருக்கும். எல்லாரும் பொரித் தட்டோட நிக்கறாங்க, டெய்லருங்க, கட்டிங் மாஸ்டரு, அக்கவுண்டன்ட்டு, அத்தனை பேரும். நான் இவருகிட்டக் கேட்டேன், ஏனுங்க, ரண்டு மாசமா லேபிளு ஒண்ணும் ஊட்டுக்கு வரலீங்களேன்னு. இவரு வாயத் தொறக்கறதுக்கு முந்தி நீ சொன்னே. இனி நீங்க சிரமப்பட வேண்டாங்க மேடம், எல்லாம் சிஸ்டத்துல இருக்குதுங்கன்னு. சிரிச்ச மொகமாச் சொன்னே. நல்ல மனசோடதான் சொன்னே, எனக்குத் தெரியாதா. இவரும் சிரிச்சாரு. இனி நீ நிம்மதியா சீரியல் பாக்கலாம்னாரு. அக்கவுண்டன்ட்டும் சிரிச்சான். அவனுக்கு இங்கிலீஷ்ல வவுச்சருக்கே ஸ்பெல்லிங் தெரியாது.

நான் பொரியத் தின்னுபோட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்.

ச்சே, ச்சே, மன்னிப்பெல்லாம் எதுக்கு? அதை மனசுலயா வெச்சிருக்கறேன். சும்மா பேச்சுக்குச் சொன்னேன். சீனியம்மா, குக்கரு மூணு விசிலாச்சு, காது அடைச்சுப் போச்சா உனக்கு?

சரி, வேலையப் பாப்போம். லெட்டரைக் குடுக்கறதுக்கு முந்தி இந்தக் காயிதத்துல ஒரு கையெழுத்துப் போடோணும். பையர் கேக்கறான். என்ன தப்பு, யாரு பண்ணுனாங்க, இனி நடக்காம இருக்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு. பேரோட வேணுமாமா. பேரு குடுத்தாத்தான் அடுத்த ஆர்டரு. படிச்சுப் பாரு, இங்கிலீஷு நாந்தான் எழுதுனேன். என் கவனக்குறைவினால பழைய லேபிளை ஓட்டச் சொல்லீட்டேன், முழுப் பொறுப்பும் என்னுதுன்னு. நாலே வரி.

நீ ஓட்டச் சொல்லலையா? சரி, பேசு. பேசறதுக்குத்தான கூப்புட்டேன்.

மெயில் அனுப்புனே. நான் இல்லீங்கல. அறுவது நாப்பதுன்னு புது ஆர்ட்வொர்க்கு வெச்சு, தைப்பூசத்துக்குப் பழனி நடக்கப் போறதுக்கு மொத நாளு, சாயந்தரம் அஞ்சே முக்காலுக்கு அனுப்புனே. மருதாசலமும் வந்துச்சுன்னுதான் சொல்றாரு. ஆனா மக்கா நாளு, நீ நடந்துட்டிருக்கறப்ப, ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சாமா, மெயில்ல இருக்கறது வேற ஸ்டைலுக்கு, இது ரிப்பீட் ஆர்டருதான், பழசையே ஓட்டுங்கன்னு. திருப்பூர்ல மெயிலு எவன் பாக்கறான்? வாயில சொன்னா மிஷினு ஓடும். நீ ரண்டு வருசமா இந்த ஊர்ல இருக்கறே, இது தெரியாதா? மெயில் அனுப்பீட்டு ஒரு போன் போட்டுச் சொல்லாம நடக்கப் போயிட்டே. முருகன் பாத்துக்குவாருன்னு. அவருக்கு லேபிள் பாக்கறதா வேலை?

போன் யாரு பண்ணுனாங்கன்னு எங்கிட்டக் கேட்டா? நான் ஊட்டுல இருக்கறவ.

அது கெடக்கட்டும். திரும்பி வந்தயே, ஒரு பொட்டியப் பிரிச்சுப் பாத்தயா? பாக்கல. கால்ல கொப்புளத்தோட வந்து, பேக்கிங் லிஸ்ட்டுல வரிசையா டிக் அடிச்சே. அதுல உன் கையெழுத்து இருக்குதா, இல்லையா? இருக்குது. அப்பறம் எப்படி உன் தப்பில்லைங்கறே? பண்ணுனது வேற யாராச்சும் இருக்கட்டும், பாக்காம உட்டது நீதான. நீயே ராத்திரியில படுத்துட்டு அதைத்தான நெனைக்கறே? நெனைக்கறே. மூஞ்சியே சொல்லுது.

பிரெஞ்சுல ஒண்ணு இருக்குது, உன் சர்டிபிகேட்டுக்காரங்க சொல்லிக் குடுத்தாங்களோ என்னவோ. ஒருத்தன் எறங்கு மொகமாப் போனா, மோசமான பஞ்சுல நூல் நூக்கறான்னு சொல்லுவாங்க. உடம்புக்கோ பொழப்புக்கோ இனி தேற மாட்டான்னு அர்த்தம். உன்னையப் பாத்தா எனக்கு அதுதான் தோணுது. எளைச்சுட்டே. கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. கோயமுத்தூர் வேலையும் போச்சுன்னா உங்கம்மா பூ கட்டித்தான் சோறு போடோணும். பூ வெக்காதவ பூக்கட்டறதும் ஒரு பொழப்புதான்.

அழுகாத. காயிதத்துல சொட்டும்.

உங்களுக்குத் தோணுனதைப் பண்ணுங்கன்னு எந்திரிச்சுப் போறதுன்னா போ. கதவு தொறந்துதான் கெடக்குது. லெட்டரு இங்கயே இருக்கும். இல்லையா, நாலு வரிக்குக் கீழ ஒரு கையெழுத்து. அந்தச் சீமைக்காரன் உன்னைய எங்க பாக்கப் போறான்? எவளோ ஒரு கலைமகள்னு ஃபைல்ல கெடக்கும். அவ்வளவுதான்.

பேனா அதுல எழுதாது, இதுல எழுது.

ம். தேதியும் போடு. தமிழ்ல வேண்டாம், இங்கிலீஷ்ல முழுப்பேரு.

இரு, மை காயட்டும். ஒரு போட்டோ எடுத்துக்கறேன். கைய எடு, நெழலு உழுகுது. ஆச்சு. அனுப்பீட்டேன். டிங்குனு கேட்டுச்சா? ஜெர்மனிக்குப் போயிருச்சு. அதுக்கு விசா வேண்டாம் பாரு.

இந்தா, உன் லெட்டரு. பிரிச்சே பாத்துக்கோ, நான் ஒண்ணும் ஏமாத்தல. ஒரு குத்தமும் எழுதல. கடுமையான உழைப்பாளி, நல்ல நடத்தைன்னு எழுதியிருக்குது. கம்பெனியில எவனுக்கு இந்த இங்கிலீஷு வரும்? கால்ல எல்லாம் உழுகாத, எந்திரி. எந்திரின்னா. நல்லா இரு.

கெளம்பறயா? மிச்சத் தண்ணியக் குடிச்சுட்டுப் போ, வெய்யலு கொளுத்துது. அட, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்னு நெனச்சேன். அந்தப் போனு யாரு பண்ணுனாங்கன்னு ஒரு மாசமா ஒவ்வொருத்தரையாக் கேட்டுட்டுத் திரிஞ்சயாமா. மருதாசலம் ஊடு வரைக்கும் போனயாமா. அவரு பாவம், என்ன சொல்லுவாரு? ஆபீஸ்ல இருந்துதான் வந்துச்சுன்னாரு. பொய் சொல்ற மனுசனில்ல. அவருக்கு இருவத்திரண்டு வருசமா ஆபீஸுன்னா நாந்தான். இதே சேர்ல உக்காந்துட்டு, பாவக்காய் அரிஞ்சுட்டே பண்ணுனேன். ஒரு நிமிசங்கூட ஆகல. துணி மாறுனதும், புது லேபிளு மெயில்ல போனதும், நீ நடக்கப் போனதும் சோறு திங்கறப்ப இவரு சொன்னதுதான். சரிங்கக்கா, ரொம்ப நாளாச்சுங்க உங்க குரலைக் கேட்டுன்னாரு.

உக்காராத. எந்திரிச்சவ எந்திரிச்சதாவே இரு.

யாருகிட்ட வேணாலும் போயிச் சொல்லு. எங்க ஊட்டுக்காரர்கிட்டயே சொல்லு. கன்டெய்னர் திரும்புனதுல இருந்து அவரு ஒழுங்காச் சோறே திங்கறதில்ல. அவரு பொண்டாட்டி அவரையே குழியில தள்ளுனான்னு சொன்னா நம்புவாரா, நீ எழுதிக் குடுத்ததை நம்புவாரா? மொதல்ல வெச்ச பேருதான் கண்ணு. இப்பத்தான சொன்னேன்.

அந்தச் சட்டைய மேசை மேல வெச்சுட்டுப் போ. கையில கசக்கீட்டு நிக்கறே பாரு.

அப்பறம் திங்கக்கெழமை அந்தக் கோயமுத்தூர்க் கம்பெனியில இருந்து, இந்தப் புள்ளை எப்படிங்கன்னு விசாரிச்சுப் போன் பண்ணுவாங்க. எல்லாக் கம்பெனியும் பண்றதுதான். லெட்டர்ல கீழ போட்டிருக்கறது ஊட்டு நெம்பரு. நாந்தான் எடுப்பேன்.

போறப்ப கேட்டைச் சாத்தீட்டுப் போ அம்மிணி, நாயி உள்ள வந்துரும்.